தோன்றா எழுவாய்

பீல் நகரத்துத் தெருப்பலகைகளுக்கு இரண்டு நாக்கு.
மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு.
பலகையில் இடமில்லாத மூன்றாவது நாக்கோடு நான்
ரயில் நிலையத்துக்குப் பின்னே,
பல் வைத்தியருக்கு மேல்மாடியில்
இரவு ஒன்பது மணித் தமிழ்ச் செய்தி வாசிக்கிறேன்.

முகமைச் செய்தி வந்திருக்கிறது:
‘பாலத்தருகே வெடிப்பு. பதினேழு பேர் உயிரிழந்தனர்.’

வெடிப்பு.
பருத்தி வெடிப்பதுபோல,
வெயில் ஏறி, காலம் கனிந்து, தானாக.

உயிரிழந்தனர்.
பேருந்தில் குடையை மறந்துவிட்டு இறங்கியதுபோல.
இழந்தவர் மேலேயே
ஒரு சின்னக் கவனக்குறைவு.

மறுகரையில் விழுந்த நாளில் மட்டும்
அதே முகமை, அதே மேசை
‘கொன்றனர்’ என்று எழுதியது.
அங்கே எழுவாய் இருந்தது, சீருடையோடு.
இக்கரைக்கு நீந்தி வருவதற்குள்
கரைந்துபோகிறது.

இலக்கணத்தில் இதற்குப் பெயருண்டு.
தோன்றா எழுவாய்.
‘வந்தாய்’ என்றால் நீ. ‘வந்தான்’ என்றால் அவன்.
வினையின் வாலைப் பிடித்தால்
ஆளைப் பிடித்துவிடலாம்.
‘வீசப்பட்டது’ என்பதன் வாலைப் பிடித்துப் பார்த்தேன்.
குண்டுதான் வந்தது.

‘ஸ்கோர் முதல்ல, தங்கச்சி,
மிச்சம் பிறகு’ என்பார் ஆசிரியர் குகநேசன்.
அவர் கெட்டவரில்லை. பதினோரு நிமிடம்தான் எங்களுக்கு.
சுவரில் வரைபடம்: சிவப்பு அம்பு, நீல அம்பு.
அம்பு முனைக்குக் கீழே ஓர் ஊர், மூன்று மில்லிமீட்டர்.
பள்ளிக்கூடம் இருக்கலாம், பேக்கரி இருக்கலாம்.
மையின் தடிப்பில் தெரியவில்லை.

எட்டேமுக்காலுக்குத் தொலைபேசி.
லாங்கென்தாலில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்;
பின்னால் இயந்திரம் சுற்றும் சத்தம்; திலகேஸ்வரி அக்கா.
‘மத்தியானச் செய்தியில சொன்ன அந்தப் பாலம்,
அதால இப்ப சனம் போகுதோ?
பாணுக்கு அங்கால போகவேணுமெல்லே?’

அது எங்கட நாடில்லை அக்கா, என்றேன்.

‘தெரியும் பிள்ளை.
எங்களையும் ஒருக்கால் நம்பராய்த்தான் வாசிச்சவை.
அந்த நம்பருக்குள்ள நானும் இருந்தனான்.
பிழையா எண்ணிப்போட்டினம்.’

வைத்துவிட்டார். நான் கீழே கீழே வாசித்துப் போனேன்.
பதினான்காம் பத்தி, யாரும் இறங்காத ஆழம்.
அங்கே கிடந்தது:
இரு கரையிலிருந்தும் படகோட்டிகள் வந்து
பகல் முழுக்க ஆட்களை ஏற்றி இறக்கினார்கள்.
ஏற்றினார்கள். இறக்கினார்கள்.
முழு எழுவாயோடு இரண்டு வினை.

அதைத் தூக்கி முதல் வரியாக வைத்தேன்.
குகநேசன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
‘இது செய்தியோ?’
சண்டை போட ஏழு நிமிடம் இருந்தது,
அதில் ஐந்தை முடித்தோம்.

ஸ்கோர் முதலில் என்றே ஆயிற்று.
படகுக்கு வானிலைக்கு முன்னால் ஓர் இடம்.
‘உயிரிழந்தனர்’ போய் ‘கொல்லப்பட்டனர்’ வந்தது.
அதிலும் ஆளில்லை;
ஒரு கை இருந்தது என்றாவது தெரிகிறது.
பக்கத்து வெள்ளையில் அவரே பென்சிலால் எழுதினார்,
‘யாரால்? உறுதியில்லை.’
அதையும் வாசிக்கட்டுமா என்றேன்.
வாசி, என்றார், முகத்தைப் பார்க்காமல்.

வாசித்தேன்.
பதினேழுக்கு முன் மூச்சு வாங்கியது
கருவியில் பச்சைக் கோடு படுத்ததில் தெரிந்தது.
கண்ணாடிக்கு வெளியே நொய்ஷாத்தல் ரயில்
வெளிச்சச் சன்னல்களை இழுத்துக்கொண்டு போயிற்று.

ஒன்பது பன்னிரண்டுக்கு மறுபடி மணி.
‘படகு எத்தினை எண்டு
சொல்லேல்லையே பிள்ளை?’

பத்தியில் அது இல்லை.